மிடி கேபிளில் கரண்ட் ஓட்டலாமா?

உங்கள் வீட்டில் பழைய கீபோர்டு ஒன்று கிடந்தால் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கொஞ்சம் வயதான கருவி என்றால் 'மிடி இன்', 'மிடி அவுட்' என்று வட்டமான சாக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஐந்து துளைகள். அதில் செருகும் கேபிளிலும் ஐந்து பின்கள். ஆனால் வேலை செய்வது மூன்றுதான். நடுவில் இருக்கும் 2-ஆம் பின் வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசக் கம்பிக்கு. அதன் இரண்டு பக்கமும் இருக்கும் 4-உம் 5-உம் தகவலைச் சுமக்கின்றன. இரண்டு ஓரங்களில் இருக்கும் 1-உம் 3-உம் சும்மா இருக்கின்றன. 1983-இல் மிடி வந்த நாளிலிருந்து அவை சும்மாதான் இருக்கின்றன.

அந்த இரண்டு கம்பிகளில் 9 வோல்ட் அனுப்பினால் மேடையின் முன்னால் இருக்கும் பெடலுக்குத் தனியாக அடாப்டர் வேண்டாம். ஒரே கேபிளில் தகவலும் போகும், கரண்டும் போகும். கிட்டார்காரர்கள் பல வருடமாக இதைச் செய்கிறார்கள். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். "விதிமுறையில் இல்லாததைச் செய்யாதே, எதையாவது எரித்துவிடுவாய்" என்பது ஒரு கட்சி. "கம்பி சும்மாதானே இருக்கிறது, உனக்கென்ன?" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. செய்யலாம், சில இடங்களில் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேபிளைப் பார்க்காதவன், அதைச் செய்தவனைத் தெரியாதவன், நாளைக்கு அதை எடுத்துச் செருகினாலும் ஒன்றும் ஆகக் கூடாது. அந்த வேலையை முடிக்காமல் கரண்ட் மட்டும் ஓட்டுவது பாதி வேலை.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று கேட்கலாம். இங்கே சுவரில் கை வைத்த இடமெல்லாம் பிளக். எனக்கு இந்த இரண்டு கம்பியும் தேவையே இல்லை. தேவை இருப்பது என் பெரியப்பா மகனுக்கு. அண்ணன் யாங்கோனில் லைங் தாயாவில் இருக்கிறார். பகலில் தையல் ஆலை வேலை, கிடைக்கிற மாலைகளில் கல்யாணம், கோவில் திருவிழா என்று கிட்டார் வாசிப்பு.

லைங் தாயா, நகரத்துக்கு மேற்கே லைங் ஆற்றைத் தாண்டி இருக்கிறது. வயல்வெளியாக இருந்த இடத்தை 1980-களின் கடைசியில் ஊராக்கி, நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். பிறகு ஆலைகள் வந்தன. 2008-இல் நர்கிஸ் புயல் டெல்டாவை அழித்த பிறகு அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2021-இல் இந்தப் பெயரைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மார்ச் 14 அன்று, போராட வந்த தொழிலாளர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் இது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த ஊர்ப் பெயரை எழுதுவது அதைவிட மோசம்.

இந்தக் கட்டுரைக்குத் தேவையான விஷயம் மின்வெட்டு. 2022-இலிருந்து யாங்கோனில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. இத்தனை மணி நேரம் இந்தப் பகுதிக்கு, இத்தனை மணி நேரம் அந்தப் பகுதிக்கு என்று. சொன்ன நேரத்துக்கு வந்தால் அதிர்ஷ்டம். வந்ததும் தெருவே "மீ லா பீ" என்று கத்தும். வெளிச்சம் வந்துவிட்டது என்று அர்த்தம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்தக் குரல் கேட்டால் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுச் சார்ஜர்களைத் தேடி ஓடிவிடுவார்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். லைங் தாயா தாழ்வான இடம். மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். பந்தல் போட்டு நடக்கும் நிகழ்ச்சியில் மேடை என்பது பல சமயம் நான்கு பலகை, அதற்குக் கீழே சேறு. அந்தச் சேற்றின் மேலே 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் கேபிளை இழுத்து, மேடையின் முன்னால் ஒரு பெடலுக்கு அடாப்டர் செருகுவதை யோசித்துப் பாருங்கள். பாடுகிறவரின் கையில் மைக், கால் ஈரம். எனக்கு அங்கேதான் பயம். 9 வோல்ட் யாரையும் கொல்லாது. 230 வோல்ட் கொல்லும். "விதிமுறையில் இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தத் தராசில் எதை எதிரே வைக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அண்ணனின் ஏற்பாடு எளிமையானது. கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் கருவி மேடையின் பின்னால், ஒரு 12 வோல்ட் பேட்டரி பக்கத்தில் இருக்கும். எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி என்று மாற்றும் கால்பெடல் ஆறு மீட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவில் ஒரு மிடி கேபிள். பெடலிலிருந்து தகவல் பின்னால் போகிறது, பேட்டரியிலிருந்து கரண்ட் அதே கேபிளில் முன்னால் வருகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. முதலில் கேட்டபோது எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. தனித்தனிக் கம்பி என்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

"தம்பி, இங்கே ஒரு பிளக் குறைஞ்சா ஒரு தலைவலி குறையும்" என்பார்.

கணக்கும் அவர் பக்கம்தான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் சின்ன பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்குமே, அது. பெருக்கினால் 84 வாட்-மணி. இந்த ஈய பேட்டரிகளைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, கையில் இருப்பது 42. பெடலும் எஃபெக்ட்ஸ் கருவியும் சேர்ந்து 9 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் போட்டு 12-ஐ 230 ஆக்கி, அடாப்டர் போட்டு 230-ஐ மறுபடி 9 ஆக்கினால் இரண்டு இடத்திலும் சேதாரம். போதாததற்கு இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு 5 வாட் தின்னும். மொத்தம் 18 வாட் ஆகிவிடும், இரண்டேகால் மணி நேரத்தில் கதை முடியும். 12-ஐ நேராக 9 ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர் போர்டு போட்டால் 10 வாட்தான், நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு கல்யாண வரவேற்புக்கு இரண்டேகால் போதாது, நான்கு போதும்.

யூ.எஸ்.பி.க்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சாதாரண யூ.எஸ்.பி. கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. மிடி கேபிள் பதினைந்து மீட்டர் வரை தாங்கும். ப்ளூடூத் பெடல் என்றால் அதற்குள் இன்னொரு பேட்டரி, அதற்கு இன்னொரு சார்ஜர். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், சார்ஜ் செய்ய வேண்டிய பொருள் ஒன்று கூடுவது வசதி இல்லை. முக்கியமாக, அவரிடம் இருப்பது பழைய கருவி. புதிது வாங்கு என்று சொல்வது எனக்குச் சுலபம்.

அந்த இரண்டு கம்பி ஏன் காலியாக இருக்கிறது என்ற கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ காகேஹாஷியும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்தும் முன்னின்று ஒரு பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் இரண்டு நிறுவனங்களின் கீபோர்டுகளையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2013-இல் இருவருக்கும் அதற்காகத் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. நம் பக்கத்திலும் அது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார் என்பதை உங்கள் அப்பாமார் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது புது பிளக் இல்லை. ஐரோப்பிய டேப் ரெக்கார்டர்களில் ஏற்கெனவே இருந்த, விலை மலிவான ஐந்து பின் பிளக். தேவை மூன்று, இருந்தது ஐந்து. மீதி இரண்டையும் எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள் என்று எழுதிவைத்தார்கள்.

இன்னொரு அழகான வேலையும் செய்தார்கள். மிடியில் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் மின்சாரத்தால் தொட்டுக்கொள்வதே இல்லை. சுமார் 5 மில்லியாம்ப் கரண்ட் வந்து வாங்கும் கருவிக்குள் இருக்கும் ஒரு குட்டி விளக்கை எரிக்கிறது. எதிரே இருக்கும் உணர்கருவி அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தகவலைப் படிக்கிறது. நொடிக்கு 31,250 முறை வரை அந்த விளக்கு மாறலாம். நடுவில் கடப்பது வெளிச்சம் மட்டும். இதனால் ஒரு கருவியின் கோளாறு இன்னொன்றுக்குப் பரவாது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் வராது.

1, 3 வழியாகக் கரண்ட் ஓட்டினால் இந்தப் பிரிவினை போய்விடும் என்பது எதிர்க்கட்சியின் நல்ல வாதம். ஆனால் முழுக்கச் சரியில்லை. இரைச்சல் வர வேண்டுமானால் இரண்டு கருவிகளும் இரண்டு வழியில் இணைந்து ஒரு வளையம் ஆக வேண்டும். அண்ணனின் கால்பெடலுக்கு அந்த ஒரு கேபிளைத் தவிர வேறு எந்த ஒயரும் கிடையாது. வளையம் இல்லை, இரைச்சலும் இல்லை. கிட்டார் ஒயரையும் அதே பெடலில் செருகினால்தான் கதை மாறும்.

இந்த இடத்தில் உங்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். இல்லாத இடத்தில் கரண்டை உண்டாக்குவதும், கிடைத்த ஒயரில் ஓட்டுவதும் உங்கள் வீட்டுக் கதைதான். 1990-களில் குடாநாட்டில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லை, பேட்டரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ கேட்டார்கள். வீட்டில் அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள், சுற்றியது யார் என்பது வரை சொல்வார்கள். சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட். ஒரு மிடி கால்பெடலுக்குத் தேவையானதும் ஏறக்குறைய அவ்வளவே.

ஆனால் அந்த டைனமோ ரேடியோவுக்கும் மிடி கேபிளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரேடியோவுக்கு ஒயர் இழுத்தவரும் அதைக் கேட்டவரும் ஒரே ஆள், அல்லது ஒரே வீடு. எந்த ஒயரில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தப்பு நடந்தால் அவருடைய ரேடியோதான் போகும். மிடி கேபிள் அப்படி இல்லை. இசைக்குழுவில் எல்லாக் கேபிளும் ஒரே சாக்குப் பையில். இன்று என் கேபிள் உன் கையில், நாளை உன் கேபிள் இன்னொரு குழுவில். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு ஒயர், ஒரே ஐந்து பின்.

அந்த ஐந்து பின் மிடிக்கு மட்டும் சொந்தமில்லை. ரோலண்டின் டி.ஆர்-808, டி.பி-303 போன்ற பழைய கருவிகளில் தாளத்தை ஒத்துப்போக வைக்கும் சாக்கெட் ஒன்று உண்டு. பார்க்க அச்சு அசலாக மிடி மாதிரியே இருக்கும். அதில் 1-ஆம் பின்தான் 'ஓடு, நில்' கட்டளை. 3-ஆம் பின்தான் தாளத் துடிப்பு. மிடியில் சும்மா இருக்கும் அதே இரண்டு! அங்கே 5 வோல்ட் எதிர்பார்க்கும் சர்க்யூட்டில் 9 வோல்ட் போய் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கருவிகளை இன்று என்ன விலை விற்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், வயிறு கலங்கும். பழைய டேப் டெக்குகளிலும் அதே பிளக், அங்கே அந்தப் பின்களில் ஒலியே போகும்.

அதனால்தான் "கம்பி சும்மாதானே இருக்கிறது" என்ற கட்சியில் நான் இல்லை. கம்பி உன் கேபிளில் சும்மா இருக்கிறது, அடுத்தவன் கருவியில் இருக்கிறதா என்று உனக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலை உலகம் வேறு இடங்களில் எப்படித் தீர்த்தது என்று பார்த்தால் நமக்கே வழி தெரியும். மேடை மைக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்சரில் '48 வோல்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். 1966-இல் நோர்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் அந்த முறையில் மைக் செய்து கொடுத்தது. ஏன் 48? இருட்டான குளிர்காலத்துக்காக அந்த வானொலி நிலையத்தில் 48 வோல்ட் துணை விளக்கு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. இருந்ததைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் புத்திசாலித்தனம். ஒலி வரும் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவு வோல்ட் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் பூஜ்யம். கரண்ட் தேவைப்படாத சாதாரண மைக்கை, சரியான கேபிளில், அதில் செருகினால் அதற்கு ஒன்றுமே தெரியாது. விஷயம் தெரியாதவனைத் தொடாத கரண்ட்!

இன்டர்நெட் கேபிள் நம் கதைக்கு இன்னும் நெருக்கம். அதில் எட்டுக் கம்பி. 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு போதும், நான்கு சும்மா இருந்தன. ஆட்கள் அந்தக் காலிக் கம்பிகளில் தங்கள் இஷ்டத்துக்குக் கரண்ட் ஓட்ட ஆரம்பித்தார்கள். 2003-இல் அதற்கு முறையான விதி வந்தது. கரண்ட் கொடுக்கும் பெட்டி முதலில் மெதுவாக ஒரு கேள்வி கேட்கும். எதிரே சுமார் 25 கிலோ-ஓம் மின்தடை ஒன்று 'ஆமாம், எனக்கு வேண்டும்' என்று பதில் சொன்னால்தான் 48 வோல்ட் போகும். இல்லாவிட்டால் போகாது. உங்கள் போன் சார்ஜரும் இப்படித்தான். யூ.எஸ்.பி.-சி முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும், பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 20 வரை ஏறும்.

மிடியில் கேள்வி கேட்கும் ஏற்பாடு கிடையாது. அண்ணனின் பழைய பெடலுக்குள் அதைப் புகுத்தவும் முடியாது. ஆனால் இன்னொரு வழி உண்டு, அது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது. சில கிட்டார் கருவி நிறுவனங்கள் ஏழு பின் பிளக்கைப் பயன்படுத்துகின்றன. ஐந்தும் மிடிக்கு, கூடுதல் இரண்டு கரண்டுக்கு. சாதாரண ஐந்து பின் கேபிள் ஏழு துளைச் சாக்கெட்டில் நுழையும், மிடி வேலை செய்யும். ஆனால் ஏழு பின் பிளக் ஐந்து துளைச் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. இருட்டில், அவசரத்தில், விஷயம் தெரியாத ஆள் தள்ளினாலும் நுழையாது. ஒரு எழுத்தும் படிக்கத் தேவையில்லை, எந்த மொழியும் தெரியத் தேவையில்லை. லைங் தாயாவில் ஒரு மேடையில் தமிழும் பர்மியமும் கலந்து பேசும் ஆட்கள் ஒயர் செருகும்போது அதுதான் வேண்டும்.

அண்ணனோடு எனக்குச் சண்டை இங்கேதான். அவர் தன் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார். "சிவப்புன்னா கரண்ட், எல்லாருக்கும் தெரியும்" என்கிறார். எல்லாருக்கும் என்றால் அவர் குழுவில் இருக்கும் நான்கு பேருக்கு. மழையில் டேப் உரியும். உரிந்த கேபிள் சாக்குப் பைக்குள் போகும்.

நான் சொல்வது இது. கருவிகளைத் திறக்கவே வேண்டாம். இரண்டு குட்டிப் பெட்டி போதும். ஒன்று பேட்டரி பக்கம், ஒன்று பெடல் பக்கம். நடுவில் ஓடும் நீளமான கேபிள் ஏழு பின். அதில் மட்டும்தான் கரண்ட். பெட்டியிலிருந்து கருவிக்குப் போகும் அரையடி ஒயர் சாதாரண ஐந்து பின், அதில் 1-உம் 3-உம் இணைக்கப்படவே இல்லை. பெடலுக்குக் கரண்ட் அதன் வழக்கமான அடாப்டர் துளையிலேயே போகும். பேட்டரி பக்கம் 500 மில்லியாம்ப் ஃபியூஸ் ஒன்று. இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் 9 வோல்ட் ஆளைக் கொல்லாது என்றாலும் ஈய பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

கம்பியில் வரும் இழப்பையும் பாருங்கள். மிடி கேபிளுக்குள் இருப்பது மெல்லிய கம்பி. 28 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.21 ஓம். ஆறு மீட்டர் போய் ஆறு மீட்டர் திரும்ப வேண்டும், இரண்டரை ஓம். 300 மில்லியாம்ப் போனால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். 9 அனுப்பினால் 8.2 வந்து சேரும், பரவாயில்லை. பதினைந்து மீட்டர் என்றால் 7.1 தான் வரும். உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கும் பல கருவிகளுக்கு 7 வோல்ட் என்பது விளிம்பு. பெடல் நடுப்பாட்டில் அணைந்து எரியும், ஏனென்று யாருக்கும் புரியாது. அதனால் பேட்டரியின் 12 வோல்ட்டை அப்படியே அனுப்பி, பெடல் பக்கப் பெட்டியில் 9 ஆக்குவது நல்லது. 12 ஓடும் கேபிள் தப்பான இடத்தில் நுழைந்தால் சேதமும் கூடும். அதனால்தான் டேப் போதாது, நுழையாத பிளக் வேண்டும் என்கிறேன்.

வாங்கிய கேபிளை நம்ப வேண்டாம் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். விலை மலிவான மிடி கேபிள்களில் பலவற்றில் 1, 3 பின்கள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அவற்றுக்குக் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். விதிமுறைப்படி அது தப்பும் இல்லை. மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

ரொம்பக் கொஞ்சம் கரண்ட் போதும் என்றால் காலிக் கம்பியே வேண்டாம். மிடியின் தகவல் கம்பியிலேயே 5 வோல்ட் ஒரு 220 ஓம் மின்தடை வழியாக வருகிறது. அதிலிருந்து அதிகபட்சம் 28 மில்லிவாட் எடுக்கலாம். வான்கூவரில் இருக்கும் மிடி சொல்யூஷன்ஸ் நிறுவனம் அதை வைத்தே ஓடும் குட்டிப் பெட்டிகளைச் செய்கிறது, பேட்டரியும் கிடையாது, அடாப்டரும் கிடையாது. எனக்கு அது ஒரு சின்ன அதிசயம். ஆனால் 2.7 வாட் கேட்கும் பெடலுக்கு அது நூறில் ஒரு பங்கு.

இனி உங்களிடம் நேராகக் கேட்க வேண்டியது. உங்களில் பலர் பழைய கருவிகளை ஊருக்கு அனுப்புகிறீர்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், சென்னை, யாங்கோன் என்று எங்கெங்கோ. நல்ல காரியம். ஆனால் கருவியை அனுப்புகிறோம், அது எந்தக் கரண்டில் ஓடும் என்று யோசிப்பதில்லை. டொரொண்டோவில் 120 வோல்ட். மியான்மரிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் 230. கனமான கட்டி மாதிரி இருக்கும் பழைய 120 வோல்ட் அடாப்டரை அங்கே செருகினால் புகைதான். அதன் மேல் '100-240' என்று எழுதியிருந்தால் மட்டும் பயமில்லை. அடாப்டரின் வெளியீடு ஏ.சி.யா டி.சி.யா என்றும் பாருங்கள். பழைய அலேசிஸ், டிஜிடெக் கருவிகளில் பல 9 வோல்ட் ஏ.சி. கேட்பவை. பேட்டரியில் நேராக ஓடாது. கரண்ட் இல்லாத ஊருக்கு அதை அனுப்புவது பாரம் அனுப்புவது. அடுத்தது நடுமுனை. யமஹாவின் 12 வோல்ட் கீபோர்டு அடாப்டர்களில் நடுவில் பிளஸ். பாஸ் பெடல்களிலும் பழைய கேசியோ கீபோர்டுகளிலும் நடுவில் மைனஸ். பிளக் மாறி நுழையும், கருவி மாறாது, போய்விடும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் 'டி.சி. 9 வோல்ட், நடுவில் மைனஸ், 300 மில்லியாம்ப்' என்று எழுதிக் கருவியின் வயிற்றில் ஒட்டி அனுப்புங்கள். அங்கே அதைத் திறப்பவர் நீங்கள் அனுப்பிய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பேட்டரியில் ஓட்டப்போகிறவர். அவருக்குத் தேவை அந்த ஒரு வரி.

இங்கே டேப் போதும் என்கிறேன், அண்ணனிடம் போதாது என்கிறேன், முரணாகத் தெரியலாம். கருவியின் வயிற்றில் ஒட்டியது கருவியோடு இருக்கும். கேபிள் யாரோடும் இருக்காது.

அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழு பின் பிளக் இங்கே எந்தக் கடையில தேடுறது? ஒண்ணு உடைஞ்சா நிகழ்ச்சியை நிறுத்தவா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஐந்து பின் கேபிள் எந்த இசைக் கடையிலும் கிடைக்கும், ஏழு பின் கிடைக்காது. உடைந்தால் வேறு வழி வேண்டும். ஏழு துளைச் சாக்கெட்டில் ஐந்து பின்னும் நுழையும் என்பதால் அன்றைக்குத் தகவல் மட்டும் சாதாரண கேபிளில் போகட்டும், பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அப்போ அந்தச் சின்ன பேட்டரியையும் நான்தான் சார்ஜ் பண்ணணும்" என்றார். பதில் இல்லை என்னிடம்.

அடுத்த பார்சலில் ஏழு பின் பிளக் ஆறு வைத்திருக்கிறேன், நான்கு உடையட்டும் என்ற கணக்கில். சாக்கெட் நான்கு, ஃபியூஸ் ஒரு பாக்கெட், கன்வெர்ட்டர் போர்டு இரண்டு. அவர் கேட்டது இவை எதுவும் இல்லை, கிட்டார் கம்பி இரண்டு செட். அதையும் வைத்தாயிற்று.